மாடங்களும் வாடிகளும்

நம் சங்கத்துக் குடும்பங்களுள் பல, மும்பைக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்துவிட்டன. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களை அழைத்துச் சென்று காட்டும் இடங்கள் சிலவே: இந்தியா வாயில், மகாலட்சுமி கோயில், மலபார் குன்றின் தொங்கு தோட்டம், மெரீன் டிரைவ் கடற்கரை. குன்றின் மேலுள்ள கமலா நேரு பூங்காவில் நின்று கீழே நோக்கினால், வளைகுடாவைச் சுற்றி வளைந்தோடும் சாலையும் அதன் மறுமுனையில் எழுந்து நிற்கும் மாடங்களும் தோன்றும். விளக்கேற்றிய பின் அக்காட்சியை ‘அரசியின் கழுத்தணி’ என்று ஊரார் புகழ்வர். ஆனால் அந்த மாடங்களுக்கும் குன்றுக்கும் இடையே, ஓட்டுக் கூரைகளும் மரத் தாழ்வாரங்களுமாக ஒரு பழைய ஊர் ஒதுங்கிக் கிடப்பதைக் காட்டுவாரும் காண்பாரும் அரியர். அப்பழைய ஊரையும் அதனைச் சூழ்ந்தெழுந்த புதிய ஊரையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டைக்குள் ஓர் ஊர், வெளியே ஓர் ஊர்

ஏழு தீவுகளாகக் கிடந்த பம்பாய், 1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கையால் போர்த்துக்கேசியரிடமிருந்து ஆங்கில மன்னருக்குச் சீராக வந்தது. 1668இல் அம்மன்னர் அதனை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கம்பெனியார் மதில் எழுப்பிக் கோட்டைக்குள் வாணிகம் நடத்தினர். மதிலுக்கு மூன்று வாயில்கள் இருந்தன: அப்போலோ வாயில், மாதா கோயில் வாயில், கடைத்தெரு வாயில். இரண்டாவது வாயிலின் பெயரே இன்றும் நம் புறநகர் ரயில்களின் பலகையில் ‘சர்ச்கேட்’ என்று விளங்குகிறது. வாயில் மறைந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெயர் மறையவில்லை.

1803இல் கோட்டைக்குள் பெருந்தீ மூண்டது. நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்த வீடுகள் பல சாம்பலாயின. அதன் பின்னர் மக்களிற் பலர் கோட்டைக்கு வெளியே, வெட்டவெளியாக விடப்பட்டிருந்த திடலுக்கும் வடக்கே குடியேறினர். கால்பாதேவி, புலேஷ்வர், கிர்காவ் ஆகிய பேட்டைகள் இவ்வாறே பெருகின. பீரங்கிக் குண்டு தடையின்றிச் செல்லவேண்டும் என்பதற்காக வெறுமையாக விடப்பட்ட அத்திடலின் எச்சங்களே இன்று சிறுவர் கிரிக்கெட் ஆடும் ஓவல், கிராஸ், ஆசாத் மைதானங்கள். போருக்காக ஒதுக்கப்பட்ட நிலம் பிற்காலத்தில் நகரத்துக்கு மூச்சுவிடும் இடமாயிற்று.

மரங்களின் பெயர் தாங்கிய தெருக்கள்

கிர்காவ் என்னும் பெயருக்கு ‘மலையடிச் சிற்றூர்’ என்று பொருள் கூறுவர். மலபார் குன்றின் அடியில் தென்னந்தோப்புகளும் வயல்களுமாக இருந்த ஊர் அது. அங்குள்ள சந்துகளின் பெயர்களே இதற்குச் சான்று. பணஸ்வாடி என்றால் பலாத் தோப்பு. கேளேவாடி என்றால் வாழைத் தோப்பு. ஆம்பேவாடி என்றால் மாந்தோப்பு. முக்பாட் என்றால் பயற்றங்கொல்லை. இன்று அங்கே பலாவும் இல்லை, பயறும் இல்லை. ஆயினும் தபால்காரர் நாள்தோறும் அத்தோப்புகளின் பெயரைச் சொல்லியே கடிதம் கொடுக்கிறார். ‘வாடி’ என்னும் சொல் நமக்கும் அயலன்று. மரம் அடுக்கி விற்கும் இடத்தை ‘மரவாடி’ என்று நாம் வழங்குவதில்லையா? அப்பணஸ்வாடியில்தான் தென்னாட்டு முறையில் அமைந்த வேங்கடேசப் பெருமாள் கோயிலும் உள்ளது.

இவ்வாடிகளுள் தனியழகு வாய்ந்தது கோட்டாச்சிவாடி. ‘கோட்’ என்பார் நிலவரி தண்டும் உரிமை பெற்றவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அவ்வுரிமை பெற்ற ஒருவர் தம் நிலத்தைத் துண்டுகளாக்கி, உள்ளூர்க் கிறித்தவக் குடும்பங்களுக்கு விற்றார் என்பது வரலாறு. அம்மக்கள் ‘கிழக்கிந்தியர்’ எனப்படுவர். பம்பாய்ப் பகுதியின் பழங்குடிகளாகிய அவர்கள், வேலை தேடிக் கோவாவிலிருந்து வந்த கிறித்தவரினின்று தம்மை வேறுபடுத்திக் காட்ட, 1887இல், விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டில், இப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். வாசலில் திண்ணை போன்ற தாழ்வாரம், வெளிப்புறமாக ஏறும் மரப்படி, செதுக்கு வேலைப்பாடு கொண்ட மேல்மாடம், பச்சையும் நீலமும் மஞ்சளுமாகப் பூசிய சுவர்: இவ்வீடுகளைக் காண்போர் நெருக்கடி மிகுந்த மாநகரின் நடுவே நிற்கிறோம் என்பதையே மறப்பர். ஒருகாலத்தில் அறுபதுக்கு மேற்பட்டிருந்த அவ்வீடுகளில் இன்று எஞ்சியிருப்பவை பாதிக்கும் குறைவே.

கிர்காவின் சிறப்பு கட்டிடங்களோடு நின்றுவிடவில்லை. 1893இல் விநாயகர் விழா வீட்டைவிட்டு வீதிக்கு வந்தபோது அதனை முன்நின்று ஏற்றவற்றுள் இங்குள்ள கேசவ்ஜி நாயக் சாளும் ஒன்று. 1913ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், ‘ராஜா ஹரிச்சந்திரா’ என்னும் முதல் இந்தியக் கதைப்படம் பொதுமக்களுக்குக் காட்டப்பெற்றது இங்கிருந்த காரனேஷன் அரங்கிலேயாம். 1920இல் திலகர் பெருமானின் உடல் எரியூட்டப்பெற்றதும் இப்பேட்டையின் கடற்கரை மணலில்தான்.

வானத்தில் எழுந்த கோடு

இனிப் புதிய ஊரின் கதையைக் காண்போம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு செல்வது தடைப்பட்டது. பம்பாய்ப் பஞ்சுக்குப் பொன்விலை கிடைத்தது. பணம் குவிந்தது; பங்கு வாணிகம் சூதாட்டமாயிற்று; கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகள் காளான்போல் முளைத்தன. 1864ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நகர மக்கள் தொகை 8,16,562. போர் முடிந்ததும் பஞ்சு விலை விழுந்தது, கம்பெனிகள் கவிழ்ந்தன. 1872இன் கணக்கெடுப்பில் தொகை 6,44,405ஆகச் சுருங்கிவிட்டது. எட்டாண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் குறைந்தனர் என்றால் அவ்வீழ்ச்சியின் அளவை ஒருவாறு உணரலாம்.

எனினும் அப்பணம் சில நற்சின்னங்களை விட்டுச் சென்றது. ஆளுநர் பார்ட்டில் பிரியரின் காலத்தில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. திடலை நோக்கிப் பெரிய கட்டிடங்கள் வரிசையாக எழுந்தன. பஞ்சு வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் அளித்த பொருளால், அவருடைய அன்னையின் பெயரில், ராஜாபாய் மணிக்கூண்டு 1878இல் முடிவுற்றது. அதன் உயரம் 280 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ 216 அடி என்பதை நினைவிற் கொண்டால், அக்காலத்தார் அதனை எவ்வளவு வியந்து நோக்கியிருப்பர் என்பது விளங்கும். 1878இல் தொடங்கி 1888இல் நிறைவெய்திய நம் ரயில்வேயின் பெருநிலையம், ஸ்டீவன்ஸ் என்னும் சிற்பியின் கைவண்ணம். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் தாணேவுக்கு முதல் வண்டி புறப்பட்ட போரி பந்தர் அதுவே. விக்டோரியா டெர்மினஸ் என வழங்கிய அந்நிலையம் இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் என வழங்குகிறது. 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

மெரீன் டிரைவின் ஒரே உயரமான வீட்டு வரிசைகள் 1930களிலும் 1940களிலும் எழுந்தவை. கடலைத் தூர்க்கும் அப்பணியில் நிகழ்ந்த முறைகேடுகளை 1920களில் அஞ்சாது வெளிப்படுத்தியவர் வழக்கறிஞர் நரிமன். பிற்காலத்தில் அவ்வாறு தூர்த்த நிலத்தின் முனைக்கே அவர் பெயர் இடப்பட்டது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அந்த நரிமன் முனையில் 1970களில் 25 மாடி எக்ஸ்பிரஸ் கட்டிடமும், 23 மாடி ஏர் இந்தியா கட்டிடமும் எழுந்தன. 1959இல் சென்னை மவுண்ட் ரோட்டில் எழுந்த 14 மாடி எல்.ஐ.சி. கட்டிடத்தைக் கண்டு வியந்த நம் மூத்தோர், இவற்றைக் கண்டு கழுத்து வலிக்க நின்றதில் வியப்பில்லை.

அதன் பின் உயரம் வடக்கே நகர்ந்தது. 1982ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கினர். ஆலைகளிற் பல மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1991இன் கட்டிட விதிகள் ஆலை நிலங்களை வேறு பயனுக்குத் திறந்துவிட்டன. 2001இல் விதிகள் மேலும் தளர்ந்தன. புகைபோக்கிகள் நின்ற லோயர் பரேலில் இன்று மாடங்கள் நிற்கின்றன. சீனிவாசா மில் இருந்த நிலத்தில் எழுந்த ஒரு மாடத்தின் உயரம் 280 மீட்டர். ராஜாபாய் மணிக்கூண்டும் 280தான். அது அடி, இது மீட்டர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் எண் மாறவில்லை, அளவுகோலே மாறியது எனலாம்.

வாடகையும் விரிசலும்

நகரம் இவ்வளவு உயர்ந்தும் கிர்காவ், புலேஷ்வர் போன்ற பேட்டைகள் உயராது நின்றமைக்குக் காரணம் என்ன? மக்களின் பழமைப் பற்று மட்டும் அன்று. 1947இன் பம்பாய் வாடகைச் சட்டமே முதற்காரணம். பழைய வீடுகளின் வாடகை 1940ஆம் ஆண்டு செப்டம்பர் நிலையிலேயே நிறுத்தப்பட்டது. போர்க்காலத்து விலையேற்றத்தில் ஏழை எளியவர் தெருவில் நிற்கக்கூடாது என்னும் நல்லெண்ணத்தால் எழுந்த ஏற்பாடு அது. அதனால் குமாஸ்தாவும், அச்சுக் கோப்பவரும், பள்ளி ஆசிரியரும் அலுவலகத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் வாழ முடிந்தது. ஆனால் சில ரூபாய் வாடகையைக் கொண்டு வீட்டுக்காரர் ஓடு மாற்றுவாரா, உத்தரம் மாற்றுவாரா? செப்பனிடுவாரின்றி வீடுகள் நலிந்தன. 1969இல் அரசு தனி வாரியம் அமைத்து, குடியிருப்போரிடம் ஒரு தீர்வை பெற்றுப் பழுது பார்க்க முற்பட்டது. அவ்வாறு தீர்வைக்கு உட்பட்ட கட்டிடங்கள் தொடக்கத்தில் ஏறத்தாழ 19,600. எல்லாவற்றையும் காப்பது எளிதன்று.

இதன் விளைவு கொடியது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் காலையில் பேண்டி பஜார்ப் பகுதியில் நூறாண்டு கடந்த ஒரு கட்டிடம் இடிந்து, முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே, பழைய கட்டிடங்கள் அனைத்தும் அப்படியே நிற்கவேண்டும் என்று உயர்ந்த மாடத்திலிருந்து சொல்வது எளிது. விரிசல் விட்ட கூரையின்கீழ்க் குழந்தையை உறங்க வைப்பவர் அவ்வாறு சொல்லார். ஒரே குழாயடியில் விடியற்காலையில் வரிசை நிற்கும் பெண்களுக்கு மரப்படியின் செதுக்கு வேலையைப் புகழ்ந்து பயனில்லை.

அதற்கு மாறாக, எல்லாவற்றையும் இடித்து மாடம் எழுப்புவதே நலம் என்பாரும் முழு உண்மை கூறுபவர் அல்லர். சாளின் பொதுத் தாழ்வாரத்தில் ஒரு வீட்டின் அடுப்பு எரியாவிடில் அடுத்த வீட்டுக்குத் தெரியும். முப்பதாவது மாடியில் தெரிவதில்லை. மேலும், பராமரிப்புக் கட்டணம் தாங்காது, புதிய வீட்டை விற்றுவிட்டு டோம்பிவிலிக்கும் விராருக்கும் சென்று நாள்தோறும் ரயிலில் நெருக்குண்டு வருவோர் பலர். பயணச் சீட்டுகளின் கணக்கோடு பழகும் எனக்கு, நகரின் மாடங்கள் உயர உயரச் சீசன் சீட்டின் தூரமும் நீளுவதாகவே தோன்றுகிறது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி இல்லாமல் இல்லை. பூட்டிக் கிடந்த ராயல் ஆப்பரா ஹவுஸ் அரங்கு செப்பனிடப்பட்டு 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஓவல் மைதானத்தின் இருபுறமும் நிற்கும் கட்டிட வரிசைகளும் மெரீன் டிரைவின் வீடுகளும் 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பெருங்கட்டிடங்களுக்குக் காட்டும் அக்கறையிற் சிறுபங்கைத் தோப்பின் பெயர் தாங்கிய சந்துகளுக்கும், குடியிருப்போரைப் பெயர்க்காமலே, காட்டுதல் கூடும்.

நமக்கும் இதிற் பங்குண்டு

இது பிறர் கதை என்று நாம் எண்ணலாகாது. 1896இல் மாண்ட்வியில் தோன்றிய கொள்ளை நோயின் விளைவாக, 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டு அமைந்தது. நெருக்கத்தைக் குறைக்க அது வகுத்த திட்டத்தினாலேயே தாதர், மாதுங்கா பகுதிகள் அகன்ற சாலைகளும் தோட்டங்களும் பெற்றன. யானையின் பெயரால், மாதங்கம் என்னும் சொல்லால், பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் அம்மாதுங்காவில் நம்மவர் வந்து குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் கண்டனர். அன்று நகரின் ஓரமாக இருந்த அவ்விடம் இன்று நகரின் நடுவாகிவிட்டது. அங்குள்ள மூன்று மாடி வீடுகளும் ஒவ்வொன்றாக மாடங்களாகி வருகின்றன. கிர்காவுக்கு வந்த கேள்வி நம் வாசலுக்கும் வந்துவிட்டது.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, மெதுவண்டியில் சார்னி ரோடு நிலையத்தில் இறங்குங்கள். வாடிகளின் பெயர்ப் பலகைகளைப் படித்துப் பொருள் சொல்லிக்கொண்டே நடந்து, வீட்டாருக்கு இடையூறின்றிக் கோட்டாச்சிவாடியைக் கண்டு, பின்னர் குன்றேறி வளைகுடாவை நோக்குங்கள். கீழே கண்ட ஊரை அறிந்த கண்ணுக்கு மேலிருந்து காணும் காட்சி வேறாகத் தோன்றும். வீடு திரும்பியதும், எந்த ஆண்டு, எந்த நிலையத்தில் வந்து இறங்கினார்கள், முதல் அறைக்கு என்ன வாடகை கொடுத்தார்கள் என்று உங்கள் இல்லத்துப் பெரியவர்களைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வீடுகள் இடிபடலாம், தோப்பு அழிந்தும் பலாவின் பெயர் நின்றதுபோல, எழுதி வைத்தது நிற்கும். அக்குறிப்புகள் நம் சங்க மலரின் வரும் ஆண்டுகளை அணிசெய்யட்டும்.