1926: பேற்றுக் காய்ச்சலும் காலா அசாரும்

சில நோய்ப்பெயர்கள் காரணத்தைச் சொல்கின்றன. சில, நோய் வந்த காலத்தை மட்டுமே சொல்கின்றன. ‘பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல்’ இரண்டாம் வகை. ஆங்கிலத்தில் வழங்கும் ‘பியூர்பெரல்’ என்ற அடைமொழியும் அவ்வாறே: குழந்தையைக் குறிக்கும் லத்தீன் ‘புவேர்’, ஈனுதலைக் குறிக்கும் ‘பரெரே’ இரண்டும் சேர்ந்து பிறந்த சொல். காய்ச்சல் எதனால் என்பதற்கு அதில் விடையில்லை.

அந்த விடையை 19ஆம் நூற்றாண்டு தந்தது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1879இல் பாஸ்டர் சங்கிலி வடிவ நுண்ணுயிரிகளைச் சுட்டிக்காட்டினார். அதன்பின் பேற்றுக் காய்ச்சல் என்றாலே கருப்பைவழித் தொற்று என்று பொருளாயிற்று. எண்ணற்ற உயிர்களைக் காத்த பொருள் அது. ஆயினும் காலத்தின் பெயர் காரணத்தின் பெயராக மாறியதும், பிற காரணங்களுக்கு அங்கே இடம் குறுகிப்போயிற்று.

அப்படி ஒதுங்கிய ஒன்று காலா அசார். (‘காலா’ கறுப்பு, ‘ஆசார்’ பாரசீகத்தில் துன்பம், நோய். நிறத்தால் வந்த இப்பெயர் மேற்சொன்ன இரு வகையிலும் அடங்காது.) அசாமில் பரவிய இந்நோயைக் கொக்கிப்புழுவின் விளைவு என்று ஜைல்ஸ் 1890இல் கருதினார், கடுமையான மலேரியா என்று ரோஜர்ஸ் பின்னர் எழுதினார். இரண்டும் பிழை. டம்டம்மில் பணியாற்றி இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் கண்ட நுண்பொருள்களை 1903இல் லீஷ்மன் வெளியிட்டார். அதே ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில், உயிருடன் இருந்த நோயாளியின் மண்ணீரல் குருதியிலேயே டோனவன் அவற்றைக் கண்டார். ஒட்டுண்ணி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

நீண்டகாலக் காய்ச்சல், மெலிவு, இரத்தசோகை, பெருத்த மண்ணீரல் ஆகியவை இதன் குறிகள். பிள்ளை பெற்றவளிடம் முதல் மூன்றுக்கும் வேறு விளக்கம் எளிதில் கிடைத்துவிடும். நான்காவதையோ, கருவுற்ற காலத்தில் நிறைவயிறு மறைத்துவிடுகிறது.

1926இல் தொடர்பில்லாத இரு செய்திகள் இங்கிலாந்தில் பதிவாயின. காலா அசாரால் வாடிய ஒரு குழந்தையைப் பற்றி லோ, குக் இருவரும் ‘லான்செட்’ இதழில் எழுதினர். இந்நோயைப் பரப்பும் மணல் ஈ இல்லாத இங்கிலாந்தில் பிறந்த குழந்தை அது. தாய் இந்தியாவில் நோயுற்றவர். ஒட்டுண்ணி கருவழியே வந்திருந்தது. அவ்வாண்டே, பேற்றுக்குப் பின் 21 நாள்களுக்குள் 100.4 பாரன்ஹீட் வெப்பம் 24 மணிநேரம் நீடித்தாலோ அதற்குள் மீண்டும் வந்தாலோ, காரணம் எதுவாயினும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதி வந்தது. இதற்கு ‘பைரெக்சியா’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். பெயர் மீண்டும் காலத்தை மட்டும் குறித்தது. மொழியியல் மாணவிக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அதே பத்தாண்டில் கல்கத்தாவில் பிரம்மச்சாரியின் யூரியா ஸ்டிபமைன் பயன்பாட்டுக்கு வந்ததால், நோயை இனங்காண்பது உயிர்காக்கும் செயலாயிற்று. இன்று காலா அசார் பீகார், ஜார்க்கண்ட், வங்கம், உத்தரப்பிரதேசத்தின் சில மாவட்டங்களில் ஒடுங்கிவிட்டது. ஆனால் அம்மாவட்டங்களின் குடும்பங்கள் வேலைதேடி நாடெங்கும் செல்கின்றன. உடலில் உறங்கும் ஒட்டுண்ணி நோய் எதிர்ப்பு தளரும்போது ஆண்டுகள் கழித்தும் எழக்கூடும். அந்நோயைக் கண்ணால் கண்டிராத மருத்துவர், காய்ச்சலுடன் வந்த தாயிடம் பேறு எந்நாள் என்பதோடு எந்த ஊர் என்றும் கேட்டாக வேண்டியிருக்கிறது.