பெரிய டிராக்டர்தான் நல்லதா? திரிங்காப் சரிவுக்கு எந்த அளவு, எந்த டயர்?

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் கியா ஃபார்மைத் தாண்டினால் திரிங்காப் வந்துவிடும். முட்டைகோஸ் கூடைகளை ஏற்றிக்கொண்டு போகும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆனால், கெடா வயல்களில் ஓடும் பெரிய டிராக்டர்களை இங்கே பார்த்திருக்க மாட்டீர்கள். இவ்வளவு விவசாயம் நடக்கும் இடத்தில் ஏன் இப்படி?

காரணம் பணம் மட்டுமில்லை. இந்த மலையில் தேவைக்கு மேல் பெரிய டிராக்டர் மண்ணைக் கெடுக்கும், சில நேரம் ஆளையும் கவிழ்த்துவிடும். குடும்பத் தோட்டத்துக்கு வண்டி வாங்க யோசிக்கிறீர்களா? அல்லது சும்மா தெரிந்துகொள்ள ஆசையா? வாங்க, பார்க்கலாம்.

முதலில் நிலம், கடைசியில் குதிரைத்திறன்

கடைக்குப் போனதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.?" கேமரன் மலையில் அந்தக் கேள்வி கடைசியாக வரவேண்டும். சரிவு எவ்வளவு, பாதை எவ்வளவு அகலம், வண்டி எங்கே திரும்பும், என்ன வேலை என்பதை முதலில் பாருங்கள்.

சரிவை அளக்க உங்கள் கைப்பேசியே போதும். 10 மீட்டர் தூரத்தில் 2 மீட்டர் உயர்ந்தால் அது 20 விழுக்காட்டுச் சரிவு, அதாவது சுமார் 11 பாகை. கேட்க சின்ன எண்தான். ஆனால் அந்தச் சரிவில் குறுக்காக ஓட்டும்போது மேல்பக்கச் சக்கரம் 15 சென்டிமீட்டர் உயரக் கல்லில் ஏறினால் என்ன ஆகும்? இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 1 மீட்டர் இருந்தால், வண்டியின் சாய்வு ஒரே நொடியில் சுமார் 20 பாகை ஆகிவிடும். மலையில் விபத்து இப்படித்தான் தொடங்குகிறது.

எந்த வேலைக்கு எந்த அளவு?

படிக்கட்டு நிலம், கூடாரப் பாத்திகள்: பின்னால் நடந்து ஓட்டும் கை டிராக்டர் போதும். 5 முதல் 10 எச்.பி. இருந்தால் தாராளம். குறுகிய இடத்தில் திரும்பும், எடை குறைவு. நெகிழிக் கூடாரத்துக்குள் ஓட்டினால் பக்கங்களைத் திறந்து வையுங்கள், இன்ஜின் புகை உயிருக்கே ஆபத்து.

பள்ளத்தாக்கில் உள்ள சமமான நிலம்: நான்கு சக்கரமும் இயங்கும் 20 முதல் 30 எச்.பி. மினி டிராக்டர் ஏற்றது. சுழல் கலப்பைக்கு அடிக்கு 5 முதல் 10 எச்.பி. என்பது பொதுவான கணக்கு. அது இன்ஜின் எச்.பி. இல்லை, பின்பக்கம் கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டில் கிடைக்கும் எச்.பி. இரண்டில் பிடிஓ எண்தான் குறைவாக இருக்கும், விற்பவரிடம் அதைக் கேளுங்கள்.

தேயிலைத் தோட்டம்: நெருங்கி நிற்கும் செடிகளுக்கு நடுவே டிராக்டருக்கு வேலையே இல்லை. கத்தரியும், இருவர் தூக்கிப் பிடிக்கும் கொய்யும் இயந்திரமும்தான் சரிவில் செல்லும். தோட்டப் பாதையில் மூட்டை இழுக்க மட்டுமே வண்டி. போ நிறுவனம் 1929-இல் இங்கே தேயிலை போடத் தொடங்கியபோது கையில் இருந்தவை ஒரு பழைய நீராவி உருளை, கோவேறு கழுதைகள், நிறையத் தொழிலாளர்கள் என்கிறது அதன் வரலாறு. இயந்திரங்கள் எவ்வளவோ மாறிவிட்டன, சரிவு மட்டும் மாறவில்லை.

டயரில் என்ன எழுதியிருக்கிறது?

டயரின் பக்கவாட்டில் '11.2-24' என்று இருந்தால் அகலம் சுமார் 11.2 அங்குலம், உள்வளையத்தின் விட்டம் 24 அங்குலம். அதோடு ஆர் என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அதுதான் எந்த வேலைக்கான டயர் என்று சொல்லும்.

ஆர்-1: உயரமான பட்டைகள் கொண்ட வழக்கமான விவசாய டயர். ஈரமான சரிவு மண்ணில் நல்ல பிடிப்பு, தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும்.

ஆர்-2: பட்டைகள் இன்னும் ஆழம். நெல் வயல் சேற்றுக்கானது. திரிங்காப்புக்குத் தேவையில்லை.

ஆர்-3: புல்தரைக்கானது. தரையைக் கிழிக்காது, ஆனால் ஈரச் சரிவில் வழுக்கும்.

ஆர்-4: தடித்த தொழில்துறை டயர். கல் பாதைக்கும் பாரம் ஏற்றவும் நல்லது, சேற்றில் ஆர்-1 அளவுக்குப் பிடிக்காது.

வேலை பெரும்பாலும் நிலத்தில் என்றால் ஆர்-1, பாதையில் என்றால் ஆர்-4. மாட்டும்போது பக்கவாட்டு அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்கவேண்டும். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் முன் ஜோடியையோ பின் ஜோடியையோ மட்டும் வேறு அளவுக்கு மாற்றாதீர்கள். சுழற்சி விகிதம் பொருந்தாமல் கியர் பாகங்கள் கெடும்.

காற்று கூடினால் மண் இறுகும்

ஒரு டயர் 400 கிலோ தாங்குகிறது, காற்று 14 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். அப்போது மண்ணைத் தொடும் பரப்பு சுமார் 400 சதுர சென்டிமீட்டர். காற்றை 28 ஆக்கினால் பரப்பு ஏறக்குறைய பாதியாகும், மண்ணின் மேல் அழுத்தம் இரட்டிப்பாகும். அதனால் நிலத்தில் குறைவாகவும், சாலையில் பாரத்தோடு போகும்போது கூடுதலாகவும் காற்று வைக்கவேண்டும். எவ்வளவு என்பதை டயர் நிறுவனத்தின் அட்டவணை சொல்லும்.

ஒன்றை மறக்காதீர்கள்: மேல்மண் இறுகுவதை அகலமான டயரும் குறைந்த காற்றும் தடுக்கும். ஆழத்து மண் இறுகுவது வண்டியின் மொத்த எடையால். அதற்கு ஒரே வழி சின்ன வண்டி.

இறுகிய மண்ணுக்குள் மழைநீர் இறங்காது. மேலேயே ஓடி மண்ணையும் அடித்துக்கொண்டு போகும். 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் பல ஆண்டுகளாக வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. காட்டை அழித்து நிலத்தைத் திறந்துபோடுவதுதான் பெரிய காரணம். இறுகிய பாத்திகளும் அதில் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன.

உயிர் காக்கும் ஐந்து விஷயங்கள்

1. கவிழ்ப்புக் காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும். புதிய டிராக்டர்களில் இந்தச் சட்டம் இருக்கவேண்டும் என்று ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே கவிழ்ந்து இறப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். சட்டம் நிமிர்ந்து நிற்கும்போது பட்டை போடுங்கள். சட்டத்தை மடக்கியிருந்தால் போடக்கூடாது.

2. சங்கிலியோ டிரெய்லரோ, கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். உயரத்தில் மாட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி, ஓரிரு நொடியில் வண்டி பின்னோக்கிக் கவிழும்.

3. சாலையில் இடது, வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துப் பூட்டுங்கள். பூட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் திரும்பிவிடும்.

4. இறக்கத்தில் குறைந்த கியர், நான்கு சக்கர இயக்கம். பல மினி டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. நான்கு சக்கர இயக்கம் போட்டால்தான் முன்சக்கரங்களும் பிடிக்கும். நியூட்ரலில் இறங்கவே கூடாது.

5. சக்கரங்களை வெளிப்பக்கமாகத் தள்ளி மாட்ட முடிந்தால் மாட்டுங்கள். இடைவெளி கூடினால் வண்டி அவ்வளவு எளிதில் சாயாது.

வாங்கும் முன்

வண்டியைக் கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் போதாது. முடிந்தால் மழை பெய்த மறுநாள், உங்கள் நிலத்திலேயே ஓட்டிப் பாருங்கள். பழைய வண்டி என்றால் டயர் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வழிகாட்டிப் புத்தகத்தில் சரிவு வரம்பு எவ்வளவு என்று படியுங்கள். பிறகு தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணனிடமோ அப்பாவிடமோ ஒன்று கேளுங்கள்: "இந்த நிலத்தில் எந்த இடத்தில் உங்களுக்குப் பயமாக இருக்கும்?" அவர் கைகாட்டும் இடத்தில் எந்த வண்டி பயமில்லாமல் திரும்புகிறதோ, அதுதான் உங்களுக்குச் சரியான அளவு.