ஸ்டூடியோ சாவி யார் கையில்? ட்ரீம் தியேட்டர் ஆல்பம் பதிவு செய்த கதை

இன்றைய எபிசோடை ஒரே ஒரு சத்தத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஸ்னேர் டிரம். டிரம் செட்டில், வாசிப்பவரின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் இருக்குமே, அதுதான். பாட்டில் 'டப்... டப்...' என்று நம்மைத் தலையாட்ட வைப்பது பெரும்பாலும் அதன் வேலை.

1992-ல் வெளிவந்த 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தைப் போட்டுப் பாருங்க. மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் அந்த 'டப்' கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்கும். ப்ராக்ரெஸிவ் மெட்டலை உலகத்துக்குக் கொண்டுபோன ஆல்பங்களில் முக்கியமானது அது. ஆனால் அதை வாசித்த மைக் போர்ட்னாய்க்கு அந்தச் சத்தம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. தன் டிரம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவரால் முடிவு பண்ண முடியலைன்னா, வேற யார் பண்ணாங்க? இந்த எபிசோடே அதைப் பற்றித்தான்.

பாட்டு ரெடி, பாடகர் இல்லை

1985. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருக்கும் பெர்க்லீ இசைக் கல்லூரியில் ஜான் பெட்ரூச்சி, ஜான் மியுங், போர்ட்னாய் என மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பிக்கிறார்கள். முதலில் பெயர் 'மெஜஸ்டி'. அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு குழு இருந்ததால், பிறகு 'ட்ரீம் தியேட்டர்' ஆனார்கள். மெட்டலின் கனம், ப்ராக்ரெஸிவ் ராக்கின் நீளம், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் தாளக்கணக்கு, எல்லாம் சேர்ந்ததுதான் இவர்கள் இசை.

1989-ல் முதல் ஆல்பம் வந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பாடகர் சார்லி டொமினிசியும் விலகினார். அடுத்த இரண்டு வருடம் ஆடிஷன் டேப்களாகக் கேட்டுத் தள்ளினார்கள். கடைசியில் கனடாவிலிருந்து டேப் அனுப்பிய ஜேம்ஸ் லப்ரீ 1991-ல் உள்ளே வந்தார்.

இதில் ஒரு லாபம் இருந்தது. பாடகர் இல்லாத அந்தக் காலம் முழுக்க பாட்டுகளை எழுதி, வாசித்து வாசித்துத் தேய்த்து வைத்திருந்தார்கள். ஸ்டூடியோவுக்குப் போகும்போது எல்லாம் கைப்பழக்கம்.

ஒரு பாட்டு எப்படிப் பதிவாகுது?

இங்கே ஒரு நிமிஷம் நின்று அதைப் பார்த்துவிடுவோம். பொதுவாக எல்லாரும் ஒன்றாக நின்று வாசித்து ஒரே மூச்சில் முடிப்பதில்லை. முதலில் டிரம். ஹெட்போனில் 'டிக் டிக்' என்று க்ளிக் ஓடும், மற்றவர்கள் வழிகாட்டுவதற்காக மட்டும் கூட வாசிப்பார்கள். டிரம் சரியாக அமைந்த பிறகு, அதன்மேல் பேஸ், கிட்டார், கீபோர்டு, கடைசியில் குரல் என்று அடுக்கு அடுக்காக ஏற்றுவார்கள். கனமாகக் கேட்க, ஒரே கிட்டார் பகுதியை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் வைப்பார்கள். பிறகு மிக்ஸிங்: எது முன்னால், எது பின்னால், எவ்வளவு சத்தம் என்று முடிவு செய்யும் வேலை.

தாளம் நிமிஷத்துக்கு நாலு தடவை மாறும் பாட்டில் இது இன்னும் கஷ்டம். அடித்தளமான டிரம் கொஞ்சம் பிசகினாலும் மேலே ஏறும் எல்லாமே ஆடும்.

'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' பதிவான இடம், நியூயார்க் மாநிலத்தின் சஃபர்ன் ஊரில் இருந்த பேர்ட்ராக்ஸ் ஸ்டூடியோ. புரொட்யூசர் டேவிட் ப்ரேட்டர். அவர் டிரம்முக்கு 'ட்ரிகர்' பயன்படுத்தினார். அதாவது, டிரம்மில் அடி விழுந்ததும் அந்தச் சிக்னலை வைத்து, முன்பே பதிவு செய்து வைத்த ஒரு சத்தம் ஒலிக்கும். அடி போர்ட்னாயுடையது, சத்தம் அவருடையது இல்லை. ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்கும், உண்மைதான். ஆனால் மென்மையாகத் தட்டுவதற்கும் ஓங்கி அடிப்பதற்கும் உள்ள உயிர் போய்விடும். போர்ட்னாயின் வருத்தம் அதுதான்.

ஆனா பாருங்க, அந்த ஆல்பம்தான் ஓடியது! 'புல் மீ அண்டர்' சுமார் 8 நிமிஷப் பாட்டு. அதைச் சுருக்கி ரேடியோவிலும் எம்டிவியிலும் ஒலிபரப்ப, ஆல்பம் அமெரிக்காவில் கோல்ட் சான்றிதழ் வாங்கியது. அதாவது 5 லட்சம் பிரதிகள்.

'சின்னதா ஒரு பாட்டு குடுங்க'

ஒரு ஹிட் வந்தால் நிறுவனம் என்ன கேட்கும்? இன்னொரு ஹிட். 20 நிமிஷத்துக்கு மேல் ஓடும் 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' 1992 ஆல்பத்திலேயே வந்திருக்க வேண்டியது. நீளம் காரணமாக வெளியே நின்றது. ரசிகர்கள் மனு போட்டுக் கேட்ட பிறகுதான் 1995-ல் தனியாக வந்தது.

1997-ல் வந்த 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி' சமயத்தில் நிலைமை முற்றியது. இரட்டை ஆல்பம் அளவுக்கு பாட்டுகள் கையில் இருந்தன. நிறுவனம் ஒன்றுதான் என்றது. பான் ஜோவியோடு சேர்ந்து ஹிட்கள் எழுதிய டெஸ்மண்ட் சைல்டை வரவழைத்து ஒரு பாட்டை மாற்றி எழுத வைத்தார்கள். புரொட்யூசர் கெவின் ஷர்லி. இத்தனை செய்தும் எதிர்பார்த்த ஹிட் வரவில்லை. குழுவை விட்டே போய்விடலாம் என்று நினைத்ததாக போர்ட்னாய் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அவர் போகவில்லை, நிபந்தனை வைத்தார்கள். அடுத்த ஆல்பத்தை நாங்களே தயாரிப்போம், யாரும் தலையிடக் கூடாது. நிறுவனம் ஒத்துக்கொண்டது.

கதவைச் சாத்திட்டு எழுதினது

1999. மறுபடி அதே பேர்ட்ராக்ஸ் ஸ்டூடியோ. புரொட்யூசர்கள்: போர்ட்னாய், பெட்ரூச்சி. கீபோர்டில் புதிதாக வந்தவர் ஜோர்டன் ரூடஸ். இந்தத் தடவை பாட்டுகளைத் தயார் செய்துகொண்டு போகவில்லை. ஸ்டூடியோவிலேயே உட்கார்ந்து எழுதி, எழுத எழுதப் பதிவு செய்தார்கள்.

கையில் இருந்த விதை, 1997-ல் ஓரம் கட்டப்பட்ட சுமார் 20 நிமிஷ டெமோ ஒன்று. 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தில் 'மெட்ரோபோலிஸ்' பாட்டின் தலைப்பில் 'பாகம் 1' என்று விளையாட்டாகப் போட்டிருந்தார்கள். பாகம் 2 எங்கே என்று ரசிகர்கள் விடாமல் கேட்டதற்கு பதிலாக 77 நிமிஷத்துக்கு ஒரே கதை வந்தது: 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'. இன்றைக்கும் பல ரசிகர்களுக்கு இதுதான் அவர்களுடைய உச்சம்.

இங்கதான் ஒரு ட்விஸ்ட். அந்த ஆல்பத்தின் பெரும்பகுதியை மிக்ஸ் பண்ணவர் யாரு? 1997-ல் புரொட்யூசராக இருந்த அதே கெவின் ஷர்லி. ஆக, வெளியாள் வருவதே அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. எதற்காக, யார் கூப்பிட்டு வருகிறார் என்பதில்தான் விஷயம்.

உள்ளேயும் அதே கேள்வி

2010-ல் போர்ட்னாய் விலகினார். ஏழு டிரம்மர்களுக்கு ஆடிஷன் நடத்தி, பெர்க்லீயில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மைக் மாஞ்சினியை எடுத்தார்கள். 2011 ஆல்பத்துக்குத் தனி புரொட்யூசர் பெட்ரூச்சி. அதில் டிரம் பகுதிகளை முதலில் கம்ப்யூட்டரில் அவரே அமைத்தார். மாஞ்சினி அதைக் கேட்டு, தன் பாணியைச் சேர்த்து வாசித்தார். வெளியிலிருந்து வந்த புரொட்யூசர் ஒரு காலத்தில் டிரம்மில் கைவைத்தார். இப்போது சொந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட்! 2013 ஆல்பத்தில்தான் மாஞ்சினி பாட்டு எழுதும்போதே கூட இருந்தார்.

பிறகு லாங் ஐலண்டில் சொந்த இடமே அமைத்துக்கொண்டார்கள். வாடகை மீட்டர் ஓடாத ஸ்டூடியோ. கொரோனா காலத்தில் கனடாவில் மாட்டிக்கொண்ட லப்ரீ, வீடியோ காலில் அங்கே பாட்டு எழுதுவதில் கலந்துகொண்டார். அந்த 2021 ஆல்பத்தின் 'தி ஏலியன்' பாட்டுக்கு 2022-ல் அவர்களுடைய முதல் கிராமி.

2023-ல் போர்ட்னாய் திரும்பினார். 2025 பிப்ரவரியில் 'பாராசோம்னியா' வந்தது, அதே சொந்த ஸ்டூடியோவில் பதிவானது. அட்டையில் புரொட்யூசர் என்ற இடத்தில் பெட்ரூச்சி பெயர் மட்டும்தான். ஒரு காலத்தில் அந்த நாற்காலிக்காகச் சண்டை போட்டவர், இந்தத் தடவை அதை விட்டுக்கொடுத்துவிட்டு டிரம் பின்னால் உட்கார்ந்தார். பதினைந்து வருஷம் முன்னாடி இதை யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டோம்!

யார் ஜெயித்தார் என்று கேட்டால், நேரான பதில் கிடையாது. பிடிக்காத சத்தத்தோடு வந்த ஆல்பம்தான் இவர்களுக்கு மேடை கொடுத்தது. அந்த மேடை இல்லாமல், 1999-ல் நிபந்தனை வைக்கும் தெம்பு எங்கிருந்து வந்திருக்கும்?

உங்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு 1992, 1999, 2025 ஆல்பங்களிலிருந்து ஆளுக்கு ஒரு பாட்டை வரிசையாகக் கேளுங்க. மற்ற எதையும் கவனிக்க வேண்டாம், ஸ்னேரை மட்டும் கவனிங்க. எந்தச் சத்தம் பிடிச்சுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!