மூவம்மையர் தரிசன விரதமும் அதன் தொன்மையும்

தொண்டை நன்னாட்டில், வெள்ளிக்கிழமையும் பூரணையும் ஒருங்கு கூடும் நன்னாளில் உபவாசமிருந்து, காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூர்த் திருவுடையம்மையையும், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மையையும், மாலையில் திருமுல்லைவாயிற் கொடியிடையம்மையையும் தரிசித்தல் ஒரு விரதமாகக் கொள்ளப்பட்டு வருகின்றது. மூவரும் முறையே இச்சை, ஞானம், கிரியை என்னும் முச்சத்திகளாகப் போற்றப்படுவர். ஆவடியை அடுத்த கோவில்பதாகை முதலிய ஊர்களில் வாழும் அன்பர்க்கு மூன்றாவதாகிய கோயில் அணித்தே உள்ளது.

இவ்விரதத்தைக் குறித்து இருவேறு கொள்கைகள் வழங்குகின்றன. மூவர் முதலிகள் காலத்திலேயே இஃது இருந்தது என்பார் ஒரு சாரார். நூல்களில் இல்லாத இதனை விரதமென்றல் ஆகாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஆராயத்தக்கன.

முதற்கண் தொன்மையை நோக்குவோம். திருவொற்றியூர் மூவர் பாடலும் பெற்றது. திருமுல்லைவாயில் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பதிகம் பெற்றது. தொண்டைமானுடைய களிற்றை முல்லைக்கொடி பிணித்த செய்தியை அப்பதிகமே குறிக்கின்றது. ஆகவே தலங்களின் பழமையில் ஐயமில்லை. ஆயினும் தலத்தின் பழமை வேறு, விரதத்தின் பழமை வேறு. இவ்விரதம் அம்மைக்குத் தனிச் சந்நிதி உண்மையை வேண்டி நிற்பது. சிவாலயங்களில் அம்மைக்குத் திருக்காமக்கோட்டம் எனத் தனிக்கோயில் எடுக்கும் வழக்கம் 11-ஆம் நூற்றாண்டு முதலாகவே சோழநாட்டிலும் தொண்டைநாட்டிலும் பெருகியது என்று கல்வெட்டாராய்ந்தோர் காட்டியுள்ளனர். 7-ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தர், மயிலையிற் பூம்பாவையை நோக்கிப் பாடுங்கால், ஐப்பசி ஓணம், கார்த்திகை, ஆதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம், அட்டமி முதலிய சிறப்பு நாட்களை நிரலே கூறுகின்றார். அவை விண்மீனும் திதியும் பற்றி வந்த நாட்களே. கிழமை பற்றிய நாள் அவற்றுள் ஒன்றும் இல்லை. ஆதலின் இவ்விரதம் இன்றுள்ள வடிவில் மூவர் காலத்ததென்றற்குச் சான்றில்லை. மூன்று திருவுருவங்களையும் ஒரே சிற்பி ஆக்கினன் என்பதும் செவிவழிச் செய்தியேயாம்.

இனி, நூலில் இல்லாமையால் விரதம் அன்றென்பாரை நோக்குவோம். சிவவிரதங்கள் சோமவாரம், திருவாதிரை, உமாமகேசுரம், சிவராத்திரி, கேதாரம், கலியாணசுந்தரம், சூலம், இடபம் என எட்டாக எண்ணப்படும். இவற்றுள் இது சேராமை உண்மையே. வெள்ளிக்கிழமை விரதம் கந்தபுராணத்துக் கந்தவிரதப் படலத்துட் கூறப்பட்டதாயினும், அது முருகப்பெருமானுக்கு உரியது. எனினும் விரதத்தின் இலக்கணம் யாது? மனம் பொறிவழிப் போகாது நிற்றற்பொருட்டு உணவை விடுத்தேனும் சுருக்கியேனும், மனம் வாக்குக் காயம் மூன்றானும் கடவுளை வழிபடுதல் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879) சைவ வினாவிடையில் வரையறுத்தார். இவ்விலக்கணம் பொருந்துமிடத்து விரதம் என்னும் பெயரை மறுத்தற்கு நியாயமில்லை. உபவாசம் என்னும் சொல்லும் இறைவனுக்கு அணித்தாக உறைதல் என்றே பொருள்படும். பட்டினி அதற்குத் துணையாவதன்றி, அதுவே பயனன்று.

சித்தாந்தம் பற்றி நோக்கினும் இதன்கண் ஓர் உண்மை விளங்கும். உயிர்க்கும் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று ஆற்றல்கள் உள. ஆணவம் அவற்றை மறைக்க, அராகம், வித்தை, கலை என்னும் தத்துவங்கள் முறையே அவற்றைச் சிறிது விளக்கி உலகின்பாற் செலுத்தும். உணவை விடுத்த அன்பன் இச்சையை அடக்குகின்றான். திருவருளை நினைந்து அறிவை ஒருக்குகின்றான். கோயிலை நாடி நடந்து செயலை அர்ப்பணிக்கின்றான். முச்சத்தி வழிபாடு என்பதன் கருத்து இதுவேயாகும்.

பூரணை ஆண்டிற் பன்னிரண்டோ பதின்மூன்றோ வரும். அவற்றுள் வெள்ளியோடு கூடுவது சராசரி இரண்டிற்குங் குறைவே. ஆதலின் அந்நாளிற் கூட்டம் மிகுதல் இயல்பு. முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியை ஊர்தியில் விரைந்து கடந்து, குறித்த பொழுதுக்குள் மூன்று சந்நிதியையும் கண்டுவிட வேண்டும் என்னும் பரபரப்பே மனத்தை நிரப்புமாயின், வயிறு வெறிதாயிருந்தும் மனம் வெறிதாயிராது. நோயாளரும் முதியோரும் சூல் கொண்ட மகளிரும் உடம்பை வருத்துதல் வேண்டா. பாலும் பழமும் கொண்டு, அணித்தாகிய ஒரு சந்நிதியில் அமைதியாக வழிபடினும் அமையும்.

இல்லாத பழமையை ஏற்றிக் கூறுதல் விரதத்திற்குப் பெருமை தாராது. பழமையின்மை காட்டி இகழ்தலும் அன்பர் நெஞ்சத்தை அறியாமையேயாம். இன்று பழையனவாகத் தோன்றும் விரதங்களும் ஒரு காலத்திற் புதியனவாய்த் தொடங்கி, நோற்றாருடைய உறுதியினாலேயே நிலைபெற்றன. விரதம் எக்காலத்ததாயினும், நோற்பார் அன்பு மெய்யாயின் திருவருள் கைகூடும்.