வளைந்த பித்தளைக் கழுத்து

பரணில் கிடக்கும் பம்ப் ஸ்டவ்வின் பித்தளை டாங்கி கை தவறி விழுந்தால், எண்ணெய் ஊற்றும் கழுத்து வளைந்துவிடும். குறட்டால் பிடித்து நிமிர்த்தப் பார்க்கிறோம். எளிதாக வளைந்த அதே பித்தளை நிமிர மறுக்கிறது! வற்புறுத்தினால் விரிசல் விடுகிறது. ஏன்?

கன்னார்களுக்கு இது புதிதன்று. சிறிது நேரம் தட்டியதும் பாத்திரத்தை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை நெருப்பில் காட்டி, ஆற்றி, மறுபடி தட்டுவார்கள். உலோகம் மீண்டும் இளகியிருக்கும். பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம் இது. காரணம் விளங்கியதோ மிக அண்மையில்தான்.

1926-இல் ரஷ்ய இயற்பியல் அறிஞர் பிரெங்கல் ஒரு கணக்குப் போட்டார். படிகத்தில் ஓர் அணு அடுக்கு முழுவதும் ஒரே சமயத்தில் மற்றோர் அடுக்கின்மேல் நழுவ எவ்வளவு விசை வேண்டும்? விடை, தூய உலோகப் படிகத்தை வளைக்க உண்மையில் தேவைப்படுவதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் இருந்தது. அப்படியானால் உலோகம் வளைவதே அதிசயம்!

1934-இல் டெய்லர், ஓரோவன், போலானி மூவரும் தனித்தனியே இப்புதிரை விடுவித்தனர். விரித்த ஜமக்காளத்தை மொத்தமாக இழுப்பது கடினம். ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டு போவது எளிது. படிகத்திலும் இத்தகைய நழுவல் கோடுகள் உண்டு. ஆற்றிய உலோகத்தில் ஒரு சதுர செ.மீ. பரப்பை இவை சுமார் 10 லட்சம் இடங்களில் கடக்கும். நன்றாக அடித்து வளைத்ததிலோ 10,000 கோடி இடங்களுக்கும் மேல்! அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் உலோகம் இறுகுகிறது. சூடேற்றினால் புதிய படிகங்கள் தோன்றிச் சிக்கல் தீரும். 1956-இல் கேம்பிரிட்ஜில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே இக்கோடுகள் நகர்வதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள்.

நிமிர்த்திய பிறகும் உள்ளே இறுக்கம் தங்கும். பிரிட்டிஷ் இந்தியப் படையினர் லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே கீறல் விட்டன. உள்ளிறுக்கத்தோடு குதிரைச் சிறுநீரின் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்ததன் விளைவு என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர்.

அதனால் வீட்டிலேயே டாங்கியை நெருப்பில் காட்டலாமா? கூடவே கூடாது! எண்ணெயைக் கொட்டிய பிறகும் உள்ளே ஆவி நிற்கும்; காற்றோடு கலந்த ஆவி வெடிக்கும். மேலும், பித்தளை இளக 450 டிகிரி செல்சியசாவது வேண்டும். கழுத்தை ஈயப்பற்று வைத்து இணைத்திருந்தால், அது 200 டிகிரிக்குள்ளாகவே உருகிக் கழன்றுவிடும்.

கழுத்துக்குள் பொருந்தும் உருண்டைக் கட்டையை நுழைத்து, மெதுவாக, ஒரே போக்கில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டவேண்டாம். பிறகு வெறும் டாங்கியில் சிறிது காற்றடித்து, கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரை தடவுங்கள். ஒரு குமிழி எழுந்தாலும் அந்த டாங்கியில் எண்ணெய் ஊற்றாதீர்கள்.