அழுத்தமா, காலமா? தீத்தழும்புச் சிகிச்சையின் சரித்திரத்தில் ஒரு மறுவாசிப்பு

தீப்புண் ஆறிய பின் தடித்து மேலெழும் தழும்புகளை அழுத்தத்தால் அமர்த்தும் சிகிச்சை எவ்வாறு வளர்ந்தது என்று எழுதப் புகுவோர், லினாரெஸ், லார்சன், வில்லிஸ்-கால்ஸ்டன் ஆகிய மூவர் 1993-ஆம் ஆண்டில் ‘பர்ன்ஸ்’ என்னும் சஞ்சிகையில் வெளியிட்ட சரித்திரக் குறிப்புகளையே ஆதாரமாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. அக்குறிப்புகளின் உழைப்பில் எனக்கு மரியாதை உண்டு. அவற்றின் கோவையில்தான் சம்மதமில்லை. முற்காலத்து வைத்தியர்கள் தழும்பின்மீது எதையேனும் வைத்து இறுகக் கட்டிய செய்திகளை முன்னே வைத்து, டெக்ஸாஸ் மாகாணத்துக் கால்வெஸ்டன் நகரில் உருவான அழுத்த உடையைப் பின்னே நிறுத்தும்போது, ஒரே ஆறு பல காதம் ஓடிக் கடலில் கலந்தது போன்ற தோற்றம் வாசகர் மனத்தில் உண்டாகிவிடுகிறது. மூவரும் கால்வெஸ்டன் பணியோடு சம்பந்தப்பட்டவர்கள். ஆற்றின் கழிமுகத்தில் குடியிருப்பவர்களுக்கு நீரெல்லாம் தம்மை நோக்கியே வருவதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அவர்களுடைய தலைப்பிலேயே ‘தடித்த தழும்புகள் அல்லது கெலாய்டுகள்’ என்று இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. இந்த ‘அல்லது’ என்ற சிறு சொல்தான் என் ஆட்சேபத்தின் மூலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து அலிபெர் பெயரிட்ட கெலாய்டு, காயத்தின் எல்லையை மீறிப் படர்வது. தானே அடங்கும் சுபாவம் அதற்கு அரிது. தீத்தழும்போ காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்று, சிவந்து, அரித்து, சில மாதங்கள் உயர்ந்து, பின்னர் ஓரிரு ஆண்டுகளில் ஓரளவேனும் தணிவது. பழைய செய்திகளில் எது எதைக் குறிக்கிறது என்று பிரித்தறிவதே கடினமாக இருக்க, இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்துவிட்டால், அழுத்தம் என்ற உபாயம் மட்டும் கண்ணில் நிற்குமே அன்றி, தழும்புக்கு ஓர் ஆயுள் உண்டு என்ற உண்மை மறைந்துபோகும்.

என் வாதத்துக்கு ஆதாரமாக நான் காட்டக்கூடியவை, கல்வெட்டு வரிகளைப் போலச் சுருக்கமான மூன்று தலைப்புகள். 1961-இல் கிரோனின் எழுதிய கட்டுரையின் தலைப்பு, கழுத்தில் தோல் ஒட்டிய பின் ‘இழுப்பு’ நேராமல் தடுக்க வார்ப்புச் சிம்பைப் பயன்படுத்துவதைப் பற்றியது. தழும்பு என்ற சொல்லே அதில் இல்லை. 1968-இல் ஜப்பானியராகிய ஃபூஜிமோரியும் அவருடைய சகாக்களும் ஸ்பாஞ்சை வைத்து இறுக்கும் முறையை எழுதியபோது, ‘இளந்தழும்புகளின்’ சிகிச்சை என்றே தலைப்பிட்டார்கள். 1971-இல் லார்சன் குழுவினரின் தலைப்பிலோ, ‘தழும்பு உருவாவதையும் இழுப்பையும்’ குறைக்கும் முறைகள் என்று இரண்டும் ஒருங்கே இடம்பெறுகின்றன. இந்தப் பத்தாண்டுகளில் புதிதாக நுழைந்தது அழுத்தமன்று. சிம்பும் ஓர் அழுத்தமே. புதிதாக நுழைந்தது, தழும்பு என்பது முடிந்துபோன பொருளன்று, ஆக்கப்பட்டுக்கொண்டே இருக்கும் பொருள் என்ற எண்ணமும், ஆகவே ஆக்கம் முடியுமுன்பே தலையிட வேண்டும் என்ற துணிவுமாகும்.

கிரோனின் தொழில் நடத்திய ஹூஸ்டன், கால்வெஸ்டனிலிருந்து ஏறக்குறைய 50 மைல் தூரத்தில் உள்ளது. கழுத்துச் சிம்பின் செய்தி அத்தூரத்தைக் கடந்து சென்றிருக்கும் என்று நான் நம்புகிறேன். கடிதமோ சாட்சியமோ காட்டி நிரூபிக்க இயலாது என்பதையும் உடனே ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், கால் நாள நோய்க்காக எலாஸ்டிக் உறை அணிந்திருந்த ஒரு நோயாளியின் தீத்தழும்பு உறைக்குள் அமர்ந்து கிடந்ததைக் கண்டதே எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று துறையில் வழங்கும் கதையைக் காட்டிலும் என் ஊகம் பலவீனமானதன்று. அந்த உறை எங்கிருந்து வந்தது என்பதும் நினைக்கத்தக்கது. டொலீடோ நகரத்துப் பொறியாளர் கான்ராட் ஜாப்ஸ்ட், தாமே கால் நாள நோயால் வருந்தியவர். நீச்சல் குளத்தில் நிற்கையில் வேதனை தணிவதைக் கண்டு, ஆழத்துக்கேற்ப நீர் அழுத்துவது போலவே கணுக்காலில் மிகுந்தும் மேலே குறைந்தும் இறுக்கும் காலுறையைச் சமைத்தார். அந்த உறையினடியில் தழும்பு அமர்ந்திருந்ததைப் பலர் பார்த்திருக்கலாம். தழும்பைக் காலத்தில் வளரும் ஒன்றாக ஏற்கெனவே எண்ணத் தொடங்கியவருக்கே அக்காட்சி அர்த்தமுள்ளதாகும். அக்கவனிப்பின் ஆண்டு எது? கால்வெஸ்டனில் ஷ்ரைனர்ஸ் தீப்புண் மருத்துவமனை திறந்த 1966-க்கும், பிரசுர ஆண்டாகிய 1971-க்கும் இடையே என்பதற்கு மேல் நிர்ணயம் செய்ய நான் துணியமாட்டேன்.

அழுத்தத்தை மூலகாரணமாகக் கருதியதன் விளைவே, பாடநூல்களில் வேரூன்றிவிட்ட 25 மில்லிமீட்டர் பாதரசம் என்ற எண். அதற்கு மேற்பட்ட அழுத்தம் நுண்குழாய்களை அடைத்து, இரத்தத்தைக் குறைத்து, தழும்பைப் பட்டினி போடுகிறது என்பார்கள். சிவந்த தழும்பை விரலால் அமுக்கினால் அது வெளுத்து, விரலை எடுத்த கணத்தில் மீண்டும் சிவப்பேறுவதைக் கண்டவர்க்கு இக்கொள்கை பிரத்தியட்சமாகவே படும். ஆனால் இதற்குப் பக்கபலமாகக் காட்டப்படும் அளவுகள் 1930-இல் லேண்டிஸ் நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்திக் கண்டவை: நுண்குழாயின் தமனிப் பக்கத்தில் 32, வளைவின் உச்சியில் 20, நாளப் பக்கத்தில் 12. அவர் அளந்தது ஆரோக்கியமான விரலின் நகக்கண்ணோரத் தோலை, தழும்பை அன்று. மேலும், தடித்த தழும்பில் நுண்குழாய்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அடைபட்டே உள்ளன என்று கிஷரும் சகாக்களும் 1982-இல் எழுதியிருக்க, அடைபட்டதை மேலும் அடைத்தலால் வரும் நன்மை யாது என்று கேட்கத் தோன்றுகிறது.

என் கட்சிக்கும் ஒரு சங்கடம் உண்டு. தழும்பு காலத்தால் தானே தணியுமாயின், நாளொன்றுக்கு 23 மணி நேரம் என்று ஓர் ஆண்டுக்கு மேலாக உடுத்திய உடை எப்போதும் வெற்றி பெற்றதாகவே தோன்றும். 2009-இல் அன்சாருட் முதலியோர் ஆறு பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கி, தழும்பின் உயரத்தில் சிறு குறைவைத் தவிர ஒட்டுமொத்த மதிப்பில் வேறுபாடு காணவில்லை. எங்ராவ் குழுவினர், ஒரே கையின் காயத்தில் ஒரு பகுதிக்கு முறையான அழுத்தமும் மற்றதற்கு மிகக் குறைந்த அழுத்தமும் தரும் உடைகளை வைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்திய ஆய்வை 2010-இல் வெளியிட்டபோது, அழுத்தம் பெற்ற பகுதி மென்மையிலும் உயரத்திலும் மேம்பட்டதாயினும், கண்ணுக்குப் புலப்படும் நன்மை நடுத்தரமான, கடுமையான தழும்புகளுக்கே உரியதென்று கண்டார்கள். ஆகவே காலம் மட்டுமே எல்லாம் செய்தது என்று நான் சாதிக்கவில்லை.

உடையைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு முறை சுற்றளவெடுத்துத் தைத்த அந்தத் துணி, உருண்ட கையிலும் காலிலும் நன்றாகப் பற்றும். நெஞ்செலும்பின் மேலுள்ள பள்ளத்திலோ பந்தல் துணிபோல மேலே இழுபட்டு நின்று, அடியிலுள்ள தழும்பைத் தொடவே தொடாது. சுற்றளவு பெருகப் பெருக அழுத்தம் குறையும் என்பதும், குழிந்த இடத்தில் அது இல்லாமலே போகும் என்பதும் எளிய பௌதிகமே. பள்ளத்தை நிரப்ப அங்கே உடைக்கடியில் ஸ்பாஞ்சுத் துண்டை வெட்டி வைக்கிறார்கள். 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையை அறியாமலேயே வைப்பவர்களும் உண்டு.