தங்குமிடம், சாப்பாடு இலவசம்: போர்டிங் ஸ்கூல் வேலையில் சேரும் முன் என்ன கேட்கணும்?

ஓசூர் எல்லையைத் தாண்டியதும் கர்நாடகப் பக்கம் வரும் ஊர் அத்திபெலே. அங்கிருந்து சர்ஜாபூர் வரையிலான பகுதியில், மாணவர்கள் தங்கிப் படிக்கும் இன்டர்நேஷனல் பள்ளிகள் இருக்கு. இப்படியொரு பள்ளியிலிருந்து, கேம்பஸிலேயே வீடும் மெஸ் சாப்பாடும் சேர்த்து உங்களுக்கு ஆஃபர் வந்திருக்கா? பெங்களூரு வாடகையை நினைச்சா உடனே கையெழுத்துப் போடத் தோணும். கொஞ்சம் பொறுங்க.

முதலில் நேரம். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் தொடங்கிய காலத்திலிருந்து, போர்டிங் ஸ்கூல் என்றாலே வகுப்பு முடிந்தாலும் வேலை முடியாத இடம்தான். காலை பி.டி., மாலை விளையாட்டு, இரவு ப்ரெப், விளக்கணைக்கும் முன் ஒரு ரவுண்ட், நள்ளிரவில் காய்ச்சல் வந்த பிள்ளை. ஹவுஸ் பேரன்ட் பொறுப்பும் உங்களுக்கு என்றால், வாரத்தில் எத்தனை இரவு டூட்டி, எந்த நாள் முழு விடுமுறை, அன்று கேட்டைத் தாண்டிப் போக அனுமதி வேணுமா என்று கேளுங்க. 'தேவைக்கேற்ப' என்று மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தால், இரவும் ஞாயிறும் உங்களுடையது இல்லைன்னு அர்த்தம்.

அடுத்தது, பலரும் கவனிக்காதது. 2020 போக்சோ விதிகளின்படி, குழந்தைகள் தங்கும் நிறுவனம் எல்லா ஊழியர்களையும் போலீஸ் மூலம் சரிபார்க்கணும். ஒப்பந்த ஊழியருக்கும் இது உண்டு. உங்களைச் சரிபார்க்கலைன்னா பக்கத்து அறைக்காரரையும் சரிபார்த்திருக்க மாட்டாங்க. ஒரு பிள்ளை உங்களிடம் பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால், பிரின்சிபாலிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடியாது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீஸுக்குத் தகவல் போகணும். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

வரி? அவ்வளவு பயப்பட வேண்டாம். பள்ளிக்குச் சொந்தமான வீடு என்றால், 2023 செப்டம்பர் முதல் உள்ள விகிதப்படி, மக்கள்தொகை 40 லட்சத்தைத் தாண்டிய நகரங்களில் சம்பளத்தில் 10 சதவீதம், 15 லட்சத்துக்கு உட்பட்ட ஊர்களில் 5 சதவீதம் வருமானத்தோடு சேரும். அத்திபெலே மாநகராட்சிக்கு வெளியே, ஆனேக்கல் தாலுகாவில் இருக்கு. அதனால் 5 சதவீதம்தான்.

கிராஜுவிட்டி பெரிய விஷயம். 2004-இல் ஆசிரியர்களுக்கு இது கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். பிறகு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொன்னது. கடைசி அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய், ஐந்து வருட வேலை என்றால் சுமார் 86,500 ரூபாய். காலவரையறை ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி ஒரு வருடமே போதும். 'சிடிசி'யில் வீட்டின் மதிப்பைச் சேர்த்துப் பெரிதாகக் காட்டினால் ஏமாறாதீங்க, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்க.

கடைசியாக வீடு. அது வேலையோடு வந்தது, வேலையோடு போகும். நீங்கள் வாடகைதாரர் இல்லை. ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், திடீரென அனுப்பினாலும் லேபர் கோர்ட் கதவு எளிதில் திறக்காது. அதே வாரம் வெளியே வீடு தேடினால் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பாங்க. ராஜினாமாவோ நீக்கமோ, அதன் பிறகு எத்தனை நாள் குவார்ட்டர்ஸில் இருக்கலாம் என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்க.